முடிந்த கதைக்கு மேலும் ஒரு பக்கம்

“பெரியவர் ஒருவர் எழுதி முடித்த கதையை நீங்கள் ஏனம்மா மறுபடியும் எழுதுகிறீர்கள்?” எங்கள் கையெழுத்துப் பத்திரிகையைக் கையில் எடுப்போர் பெரும்பாலும் கேட்கும் முதற் கேள்வி இதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் இக்கேள்விக்கு அஞ்சியே பல தோழியர் எங்களோடு சேராமல் ஒதுங்கி நிற்கின்றனர். ஆகவே பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் காந்திகிராமத்திலிருந்தும் சின்னாளபட்டியிலிருந்தும் வரும் பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ மாந்தரை வைத்துப் புதுக்கதைகள் புனைந்து, நோட்டுத் தாள்களில் எழுதித் தைத்துச் சுற்றுக்கு விடுகிறோம். இதுவரை ஆறு இதழ்கள். பொதுத்தேர்வு முடிந்ததும் ஐவரும் ஐந்து திசையில் போய்விடுவோம். எட்டு, ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் வராவிட்டால் ஏழாம் இதழே கடைசி இதழ்.

பிறர் கதையைத் தொடர்வது திருட்டா? கல்கி 1950-இல் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக வாரந்தோறும் இக்கதையை எழுதினார். முடிந்த பிறகும் வாசகர்கள் விடவில்லை. இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டுத் துளைத்தனர். கல்கி முடிவுரை எழுதி விடை சொன்னார். பின்னர் விக்கிரமன் அக்கதையின் தொடர்ச்சியாகவே ‘நந்திபுரத்து நாயகி’யை எழுதினார். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ இன்னும் துணிச்சலானது. கல்லாயிருந்து பெண்ணான அகலிகை, சீதை தீக்குளித்த செய்தி கேட்டு மீண்டும் கல்லாகிறாள்! இவர்களை யாராவது திருடர் என்பார்களா? சின்னாளபட்டித் தறியில் ஒருவர் எழுந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நெய்வதில்லையா?

கடல் கடந்தும் இப்படித்தான். இங்கிலாந்தில் 1826-இல் ஒரு பாதிரியார் தம் மகனுக்கு மரப் பொம்மைச் சிப்பாய்கள் சில வாங்கித் தந்தார். பத்து வயது மகள் சார்லட் அதில் ஒன்றை எடுத்து வெலிங்டன் பிரபு என்று பெயரிட்டாள். அந்தப் பிரபுவையும் அவர் மக்களையும் வைத்துத் தீப்பெட்டி அளவே உள்ள புத்தகங்களில் பொடி எழுத்தில் அவளும் தம்பியும் கதைகள் எழுதிக் குவித்தனர். அந்தச் சார்லட் பிராண்டிதான் 1847-இல் ‘ஜேன் ஐர்’ நாவலைத் தந்தவர். எங்களில் ஒருத்தி அப்படி ஆவாள் என்று சொல்லவில்லை. (ஆனால் மகிழ்வோம்!)

சரி, புதியவரைச் சேர்ப்பது எப்படி? ‘எழுத்தாளர் தேவை’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் ஒருவரும் வரமாட்டார். எழுத்தாளர் என்ற சொல்லே பயமுறுத்துகிறது. ஆங்கிலத்தில் பாடம் படித்துத் தமிழில் ஒற்றுப்பிழை விடுவோர்க்கோ இரட்டைப் பயம். மாறாக, மதிய உணவின்போது, “மணிமேகலை சாகத்தான் வேண்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். சாம்பார் சாதம் ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் குரல் உயர்த்துகிறவள் பாதிக் கதையை அப்போதே எழுதிவிட்டாள். மீதியை எழுதத் தாள் கொடுப்பதுதான் நம் வேலை.

ஐந்து பாகமும் படித்தவரை மட்டுமே சேர்க்கவேண்டும் என்று எங்களுக்குள் இருவர் பிடிவாதம் பிடிக்கின்றனர். மற்ற மூவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2022-லும் 2023-லும் வந்த திரைப்படங்களை மட்டும் பார்த்தவர்கள் நம் பள்ளியில் எத்தனையோ பேர். படத்தில் மணிமேகலையே இல்லை. “யார் அந்த மணிமேகலை?” என்று ஒரு தங்கை கேட்டால் அவளைத் தேர்வில் தோற்றவளாக நடத்துவதா, ஐந்தாம் பாகத்தைக் கையில் கொடுப்பதா?

எல்லாரும் எழுதத்தான் வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் பழைய ரசிகர் இதழ்களில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. காசு தராவிட்டாலும், வந்த இதழைப் பற்றிக் கடிதம் எழுதினால் இதழ் அனுப்புவார்கள். கடிதம் எழுதிய வாசகர் பிறகு கதையும் எழுதுவார். இவ்வழி நமக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதற் பக்கத்தில் மூல ஆசிரியர் பெயர் கட்டாயம் இருக்கும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் தடையும் இல்லை. உயிரோடிருக்கும் நடிகர் நடிகையரைப் பற்றிக் கதை கட்டுவது எங்கள் இதழில் கிடையாது. தேர்வு வாரங்களில் இதழும் கிடையாது.

ஏழாம் இதழின் கடைசி நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம். இதழ் பள்ளி நூலகத்தில் தமிழ் நாவல்கள் அடுக்கில் இருக்கும். தங்கையரே, ஒரு கதை படித்துவிட்டு அந்தப் பக்கங்களில் இரண்டு வரி எழுதுங்கள். திட்டியும் எழுதலாம். பெயர் போட விருப்பமில்லையென்றால் போடவேண்டாம்.