ஓட்டத்தை அளக்கும் புரதமும் உப்பளத்து இரத்தமும்

வால்வின் நடுவே இரத்தம் பாயும் வேகத்தை எக்கோ சொல்லிவிடும். சுவரோரத்தில் நடப்பது அதன் கண்ணில் படுவதில்லை. சுவரை ஒட்டிய இடத்தில் வேகம் சுழியம். ஆனால் அங்கிருந்து மயிரிழை தள்ளிப்போனாலே வேகம் கிடுகிடுவென ஏறுகிறது. இரத்த அணுக்களையும் புரதங்களையும் இழுத்துச் சிதைக்கும் சறுக்குத் தகைவு பிறப்பது இந்த ஏற்றத்தில்தான். அங்கே போய்வந்த சாட்சி ஒன்று இரத்தத்திலேயே இருக்கிறது: வான் வில்லிபிராண்ட் காரணி.

ஓட்டம் மெதுவாக இருக்கும்வரை இப்புரதம் நூல்கண்டுபோலச் சுருண்டிருக்கும். இழுவிசை எல்லை தாண்டினால் நீண்டு விரிந்து தட்டணுக்களைப் பிடிக்கும். அதே விரிவில் அதன் ஏ2 பகுதியும் திறந்துகொள்ள, அடாம்ஸ்-டிஎஸ்-13 என்ற நொதி அங்கே வெட்டிவிடுகிறது. இப்புரதத்தின் நீளமான சங்கிலிகள், அதாவது மல்டிமர்கள், குறைந்திருந்தால், எங்கோ ஓட்டம் கடுமையாக இருக்கக்கூடும் என்று பொருள். ஷ்னைடர், விக்ஸ்ஃபோர்த் குழுவினர் 2007இல் இந்த விரிவை நேரில் காட்டினார்கள். அவர்கள் கண்ட எல்லை நொடிக்கு ஏறத்தாழ 5000 என்ற சறுக்கு வீதம். அந்த எண் இன்று கட்டுரைக்குக் கட்டுரை வேதவாக்காக வலம்வருகிறது. ஆனால் புரதத்தை இழுப்பது வீதம் மட்டுமல்ல, வீதமும் பாகுநிலையும் சேர்ந்த தகைவு. பாகுநிலை மாறினால் எல்லையும் மாறும்.

மருத்துவத்தில் இது புதிய செய்தி அல்ல. அயோர்ட்டிக் வால்வு சுருங்கியவர்களுக்குக் குடலில் இரத்தம் கசிவதை ஹெய்ட் 1958இலேயே கவனித்தார். காரணம் இந்தப் புரதம்தான் என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 2016இல் வான் பெல் குழுவினர் அதையே அளவுகோலாக்கினார்கள். குழாய்வழி வால்வு பொருத்தும்போதே, தட்டணுக்கள் துளையை அடைக்கும் நேரத்தை அளக்கும் கருவியின் ஏடிபி கார்ட்ரிட்ஜில் அந்த அடைப்பு நேரம் 180 நொடியைத் தாண்டினால் வால்வோரத்தில் கசிவு இருக்கக்கூடும் என்றார்கள். கசிவை அடைத்த சில நிமிடங்களில் பெரிய மல்டிமர்கள் மீளத் தொடங்குகின்றன. இவ்வளவு விரைவான அளவுமானி வேறு எது?

ஆனால் அந்த 180 நொடி யாருடைய இரத்தத்தில் அளந்தது? மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயிலில் வேலை செய்துவிட்டு வருபவரை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்ப அயர்ச்சியும் நீரிழப்பும் சிறுநீரகப் பாதிப்பும் இருப்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நீரிழப்பால் மிதமாகச் சோடியம் ஏறினாலே இரத்தக்குழாயின் உட்படலம் இந்தக் காரணியைக் கூடுதலாகச் சுரக்கும் என்று திமித்ரியேவாவும் பர்க்கும் 2014இல் காட்டினார்கள். உடலுழைப்பும் அதைக் கூட்டும். அதோடு ஹீமட்டோகிரிட் ஏறினால் அடைப்பு நேரம் சுருங்கும். ஆக, உண்மையான கசிவு இருந்தும் எண் நல்லபடியாக வந்துவிடலாம். நம்மூரில் மலிந்த இரத்தசோகையோ இதற்கு நேரெதிர்: அடைப்பு நேரத்தை நீட்டி, இல்லாத கசிவைக் காட்டும். ஓ வகை இரத்தமுள்ளவர்களிடம் இந்தப் புரதம் இயல்பிலேயே சுமார் கால் பங்கு குறைவு என்பதையும் சேர்த்துக்கொண்டால், ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுப்பது துணிச்சல் அல்ல, அலட்சியம்.

இதனால் சோதனையையே கைவிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இப்புரதத்தின் செயல்பாட்டுக்கும் ஆன்டிஜெனுக்கும் உள்ள விகிதம், வெறும் அளவைவிட இக்குழப்பங்களை நன்றாகத் தாங்கும். மல்டிமர் ஜெல் போடும் வசதி எல்லா ஊரிலும் இல்லை. விகிதம் பார்க்கும் வசதியை உண்டாக்குவது அவ்வளவு கடினமில்லை. அவசரம் இல்லாத நோயாளியை நிழலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, சற்றுப் பொறுத்து இரத்தம் எடுப்பதற்குச் செலவே இல்லை. இதய நோயாளிக்கு எவ்வளவு நீர் என்பதை மட்டும் அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

அடுத்த இதழ் முதல், இப்புரதத்தைக் கொண்டு ஓட்டத்தை அளந்த கட்டுரைகளில் நான்கு விவரங்கள் கட்டாயம்: சோடியம், ஹீமட்டோகிரிட், இரத்த வகை, இரத்தம் எடுக்குமுன் நோயாளி என்ன வேலையில் இருந்தார் என்பது. நான்காவதற்கு இதுவரை நமது படிவங்களில் இடமே இருந்ததில்லை. இந்த இதழோடு வரும் புதிய படிவத்தில் அதைச் சேர்த்திருக்கிறோம்.