வறுத்த பயறும் வேலை உத்தரவாதமும்



கோபத்தோடுதான் எழுதுகிறேன். போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் வந்தார், தறி நெய்பவர். மகள் பி.காம். கடைசி வருஷம். "ட்ரேடிங் பயிற்சி, ஃபைனான்ஸ் வேலை உறுதி" என்று எவனோ சொன்னதை நம்பி, மனைவியின் வளையலை அடகு வைத்து 60,000 ரூபாய் கட்டியிருக்கிறார். இப்போது போனைக்கூட எடுப்பதில்லையாம்.

நம்ம திருப்புட்குழியில் வறுத்த பயறு முளைப்பது தாயார் அருளால். கோர்ஸ் விற்பவன் கையில் முளைக்குமா?

எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டதாக 2024-ல் செபியே சொன்னது. அதைக் கற்றுக்கொடுப்பதற்குப் பெயர் வேலைவாய்ப்பா?

பி.காம்.-இல் 55 சதவீதம் எடுத்தால் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேரலாம். இரண்டு வருஷ ஆர்ட்டிகிள்ஷிப்பில் உதவித்தொகையும் உண்டு. அவ்வளவு காலம் முடியாதென்றால், செபி தொடங்கிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வுகள் இருக்கின்றன; கட்டணம் சில ஆயிரம்தான். கல்லூரியிலேயே 'நான் முதல்வன்' இருக்கிறது. கேட்டீர்களா?

குறுக்கு வழி கிடையாது. முதலில் ஒரு பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கத் தெரியட்டும். ஞாயிறு காலை என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன். நோட்டு கொண்டுவந்தால் போதும். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.