பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பாருங்கள்

2015 மே மாதம் மும்பையில் எம்.பி.ஏ. முடித்த இளைஞர் ஒருவர் வைர ஏற்றுமதி நிறுவனம் ஒன்றுக்கு வேலை கேட்டு விண்ணப்பித்தார். முஸ்லிம் அல்லாதவர்களைத்தான் எடுக்கிறோம் என்று கொஞ்ச நேரத்திலேயே மின்னஞ்சலில் பதில் வந்தது. செய்தி நாடெங்கும் பரவியது, காவல்துறை வழக்குப் பதிவு செய்தது, ஊழியர் ஒருவர் செய்த தவறு என்று நிறுவனம் சொன்னது.

இப்படி எழுத்தில் கொடுத்து மாட்டிக்கொள்ளும் எச்.ஆர். அதிகாரிகள் அபூர்வம். மற்றவர்கள் பதிலே போடுவதில்லை. தகுதி போதவில்லையா, இடம் நிரம்பிவிட்டதா, பெயர்தான் காரணமா என்பது விண்ணப்பித்தவருக்குக் கடைசிவரை தெரியாது. சரி, வேலை கொடுப்பவர்களிடமே கேட்டால்? ஆய்வாளர்கள் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டெல்லி வட்டாரத்தில் மனிதவள அதிகாரிகளைச் சந்தித்துக் கேட்டார்கள். எல்லோரும் திறமை ஒன்றையே பார்ப்பதாகச் சொன்னார்கள். அதே மூச்சில், நேர்காணலில் குடும்பப் பின்னணியையும் விசாரிப்பதாகச் சொன்னார்கள். இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆகவே, கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததைச் சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சோதனையை நாலைந்து ஆய்வாளர்களின் ஆர்வத்துக்கு விட்டுவிடாமல் அரசே தொடர்ந்து நடத்த வேண்டும்.

சோதனை எளிமையானது. படிப்பு, மதிப்பெண், அனுபவம் எல்லாம் சமமாக உள்ள பயோடேட்டாக்களைத் தயாரித்து, பெயரை மட்டும் மாற்றி ஒரே விளம்பரத்துக்கு அனுப்புவது. யாருக்கு அழைப்பு வருகிறது என்று எண்ணுவது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் 2005 அக்டோபரில் தொடங்கி 66 வாரங்கள் இதைச் செய்தார்கள். ஆங்கில நாளிதழ்களில் வந்த 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. உயர்சாதி இந்துப் பெயருக்கு இருந்த வாய்ப்பில் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

இதற்கு நேரெதிரான முடிவும் உண்டு. அபிஜித் பானர்ஜி உள்ளிட்ட நான்கு பொருளாதார அறிஞர்கள் டெல்லி வட்டாரத்தில் சாஃப்ட்வேர், கால் சென்டர் வேலைகளுக்கு 3,160 விண்ணப்பங்களை அனுப்பி, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். முஸ்லிம் பெயருக்குச் சொல்லும்படியான பாகுபாடு அதில் தென்படவில்லை. இதைக் காட்டி முதல் ஆய்வைத் தள்ளுபடி செய்பவர்கள் அவசரப்படுகிறார்கள். பொறியாளர் கிடைத்தால் போதும் என்று துறையே ஆள் தேடி அலைந்த காலம் அது. ஓர் அலுவலக வேலைக்கு நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் கழித்துக்கட்ட ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கும். எந்த வேலை, எந்த ஊர் என்பதைப் பொறுத்து விடை மாறும். 2022-ல் லெட்பை அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வில் 1,000 விளம்பரங்களுக்கு இரண்டு பெண்களின் பெயரில் விண்ணப்பித்தபோது இந்துப் பெயருக்கு 208 சாதகமான பதில்கள் வந்தன, முஸ்லிம் பெயருக்கு 103.

பெயர் என்பது சிக்கலான கருவி. பிரான்சில் அரபுப் பெயரையும் பிரெஞ்சுப் பெயரையும் ஒப்பிட்டால் மதம், இனம், பூர்வீக நாடு மூன்றும் கலந்துவிடும். எதற்காக ஒதுக்கினார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிளேர் அடிடா, டேவிட் லெய்டின், மரி-ஆன் வல்ஃபோர் மூவரும் 2009-ல் இதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். செனகல் நாட்டில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்திருக்கும் சமூகங்கள் உண்டு. அங்கிருந்து வந்த தியூஃப் என்ற குடும்பப் பெயரை எடுத்து, மரி தியூஃப், கதீஜா தியூஃப் என்று இருவரைக் கற்பனையாகப் படைத்தார்கள். நிறம் ஒன்று, பூர்வீகம் ஒன்று, படிப்பு ஒன்று. மரி கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர், கதீஜா இஸ்லாமியத் தொண்டு நிறுவனத்தில். மரிக்கு 21 சதவீத அழைப்புகள் வந்தன, கதீஜாவுக்கு 8 சதவீதம். மதம் ஒன்றே இதைச் செய்தது என்று இப்போது துணிந்து சொல்லலாம்.

ஜெர்மனியில் விண்ணப்பத்தோடு புகைப்படம் வைப்பது வழக்கம். டோரிஸ் வைக்செல்பாமர் ஒரே பெண்ணின் படத்தை வைத்தே அனுப்பினார். சாந்த்ரா பவர் என்ற ஜெர்மன் பெயருக்கு 18.8 சதவீதம் அழைப்பு. மெர்யம் ஒஸ்துர்க் என்ற துருக்கிப் பெயருக்கு 13.5. அதே மெர்யம் தலையில் முக்காடு போட்ட படத்தோடு போனபோது 4.2. அதாவது அதே அளவு அழைப்பு பெற, சாந்த்ரா ஒரு விண்ணப்பம் போடும் இடத்தில் முக்காடு போட்ட மெர்யம் நாலரை போட வேண்டும். புகைப்படம், தந்தை பெயர், சில சமயம் மதம் வரைக்கும் பயோடேட்டாவில் எழுதிக் கொடுக்கும் நம் ஊர் வழக்கத்தை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

காகிதம் காட்டாத ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஈடன் கிங், அஃப்ரா அஹ்மத் இருவரும் நடத்திய ஆய்வில் பெண்கள் கடைகளுக்கு நேரில் போய் வேலை கேட்டார்கள், சில தடவை முஸ்லிம் உடையில், சில தடவை சாதாரண உடையில். விண்ணப்பப் படிவம் கொடுப்பது போன்ற முறையான விஷயங்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் முஸ்லிம் உடையில் போனவரிடம் பேச்சு சுருங்கியது, முகம் கொடுத்துப் பேசுவது குறைந்தது. அவர் தன்னைப் பற்றி, எதிரில் இருப்பவர் மனதில் வைத்திருந்த பிம்பத்துக்குப் பொருந்தாத ஒரு தகவலைச் சொன்னபோது அந்த இறுக்கம் தளர்ந்தது. எந்தச் சட்டத்தில் இதைப் பிடிப்பது? ஸ்வீடனில் டான்-ஓலஃப் ரூத் அந்தப் பிம்பத்தையே கணினித் தேர்வு ஒன்றின் மூலம் அளந்தார்: முஸ்லிம் பெயர் என்றதும் வேலையில் மந்தம் என்று மனம் தானாக முடிச்சுப் போடும் அதிகாரிகள்தான் அந்த விண்ணப்பங்களைக் குறைவாக அழைத்திருந்தார்கள்.

பொய் விண்ணப்பம் அனுப்பி நிறுவனங்களை ஏமாற்றலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அழைப்பு வந்த உடனே மறுத்துவிட்டால் நிறுவனத்துக்குப் போவது சில நிமிடங்கள். பிரான்ஸ் 2006-ல் இத்தகைய சோதனையை நீதிமன்றம் ஏற்கும் சான்றாகச் சட்டத்தில் எழுதிக்கொண்டது. அங்கே அரசே பெரிய நிறுவனங்களைச் சோதித்து, பாகுபாடு தென்பட்ட ஏழின் பெயரை 2020-ல் வெளியிட்டது.

இந்தியாவில் அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவு அரசு வேலையோடு நின்றுவிடுகிறது. தனியார் துறையில் மதத்தைப் பார்த்து ஆள் எடுப்பதைத் தடுக்கத் தனிச் சட்டம் இல்லை. முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு 2006-ல் சமவாய்ப்பு ஆணையம் கேட்டது. மாதவ மேனன் குழு 2008-ல் அதற்கு மசோதாவே எழுதிக் கொடுத்தது. ஆணையம் இன்னும் வரவில்லை.

டெல்லிக்குக் காத்திராமல் தமிழ்நாடு தொடங்கலாம். வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி இங்கே இருக்கிறது. வடக்கே குடும்பப் பெயர் சாதியைச் சொல்லிவிடும். தோரட்டின் ஒப்பீட்டில் சாதியும் மதமும் சேர்ந்தே வந்தன. இங்கே எஸ். குமார் என்றால் சாதி தெரியாது, எஸ். ரஹ்மத்துல்லா என்றால் மதம் மட்டும் தெரியும். கல்லூரியையும் மாற்றிப் பார்க்கலாம். முஸ்லிம்கள் நடத்தும் திருச்சி ஜமால் முகமது கல்லூரியிலும் சென்னை புதுக்கல்லூரியிலும் எல்லா மதத்தவரும் படிக்கிறார்கள். ஜமாலில் படித்த குமாரும் வேறு கல்லூரியில் படித்த ரஹ்மத்துல்லாவும் ஒரே விளம்பரத்துக்குப் போனால், நிறுவனம் எதைப் பார்த்து விலக்குகிறது என்பது தெரியும். 2007 முதல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் மாநிலம், அந்த ஒதுக்கீடு எட்டாத தனியார் மருத்துவமனை, ஜவுளிக்கடை, ஐ.டி. அலுவலகங்களை இப்படி அளந்து பார்க்க ஒரு பல்கலைக்கழகத் துறையும் சிறுபான்மையினர் ஆணையமும் போதும். முதல் ஆண்டு துறைவாரியான எண்களை வெளியிடலாம், நிறுவனங்களின் பெயரை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.