கற்பூரவல்லி: மருந்தளவும் உணவளவும்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கல்வராயன் மலை பச்சிலைகளுக்குப் பெயர் பெற்றது. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறிச் செல்லும் பகுதியில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தலைமுறை தலைமுறையாக மூலிகைகளின் பயனை அறிந்தவர்கள். காட்டு மூலிகைகளை இனங்கண்டு பறிக்க அவர்களைப் போன்ற பயிற்சி வேண்டும். அத்தகைய பயிற்சி ஏதுமின்றி எவரும் வளர்க்கக்கூடிய மூலிகை ஒன்று உண்டு. ஒரு கிளையை ஒடித்துத் தொட்டியில் நட்டாலே தழைத்துவிடும் கற்பூரவல்லியே அது.

ஓமத்தின் மணம் வீசுவதால் இதற்கு ஓமவல்லி என்றும் பெயர் உண்டு. அம்மணத்திற்குக் காரணம் இலையிலுள்ள கார்வக்ரால், தைமால் ஆகிய எண்ணெய்ப் பொருள்கள். தைமால் ஓமத்திலும் இருப்பதால்தான் இரண்டும் ஒன்றுபோல மணக்கின்றன. சளிக்கும் இருமலுக்கும் இதன் சாற்றை நம் வீட்டு மூதாட்டியர் கொடுத்து வந்தது யாவரும் அறிந்ததே.

இன்று இவ்விலைக்கு வேறொரு புகழும் சேர்ந்துள்ளது. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் நிறைந்தது, உண்டால் இரத்தம் ஊறும் என்று பலர் கூறுகின்றனர். இச்செய்தியைச் சற்று நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏனெனில் 2019-21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உடையவர்கள். இரண்டு இலையை மென்றுவிட்டுக் குறை தீர்ந்தது என்று ஒரு சகோதரி இருந்துவிட்டால், இழப்பு அவருக்கும் அவர் வயிற்றில் வளரும் குழந்தைக்கும்தான்.

மணமும் தாதுச் சத்தும் இலைக்கு வந்து சேரும் வழிகள் வேறு. மண எண்ணெயைச் செடி தானே ஆக்கிக்கொள்கிறது. இரும்பையும் சுண்ணாம்பையும் எந்தச் செடியாலும் ஆக்க இயலாது. வேர் வழியாக மண்ணிலிருந்தே பெற வேண்டும். ஆகவே ஒரே செடியின் தாதுச் சத்து மண்ணுக்கு மண் மாறும். மணம் மிகுதியாக இருப்பதால் சத்தும் மிகுதி என்று கொள்வதற்கில்லை.

அளவைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் புதினாவில் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகவும், 100 கிராம் முருங்கைக் கீரையில் ஏறத்தாழ 4½ மில்லிகிராமும் இரும்பு உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் வெற்றி புதினாவுக்கே. ஆனால் பிரியாணியிலோ நோன்புக் கஞ்சியிலோ ஒருவர் பங்கிற்கு வரும் புதினா 3 கிராம் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் இரும்பு கால் மில்லிகிராம். முருங்கைக் கீரையைப் பொரியலாக 100 கிராம் உண்டால் கிடைப்பது 4½ மில்லிகிராம். வயது வந்த பெண்ணுக்கு நாள்தோறும் 29 மில்லிகிராம் வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் இந்தியப் பரிந்துரை. மேலும், இலைகளிலுள்ள இரும்பில் சிறு பங்கையே உடல் ஏற்கிறது. கற்பூரவல்லிக்கும் இக்கணக்கே பொருந்தும்.

உலர்ந்த பொடியின் எண்களைப் பார்க்கும்போதும் விழிப்பு வேண்டும். பச்சை இலையில் பெரும்பங்கு நீரே. நீர் வற்றிய பொடியில் 100 கிராமுக்குரிய எண் பன்மடங்காகத் தோன்றும். ஆனால் ஒரு தேக்கரண்டிப் பொடியின் எடை சில கிராம்தான்.

அவ்வாறாயின் கற்பூரவல்லி உணவாகாதா? ஆகும். இந்தோனேசியாவின் வட சுமத்திராவில் பத்தாக் இனத்துத் தாய்மார்கள், மகப்பேற்றுக்குப் பின் ஒரு மாத காலம் இதே இலையைத் தேங்காய்ப்பாலும் கோழியும் சேர்த்துக் குழம்பாக்கிக் கீரையைப் போல நிறைய உண்கின்றனர். தாய்ப்பால் பெருக இது துணை புரிகிறது என்று 2006இல் வெளியான ஆய்வு ஒன்றும் கூறுகிறது. அங்கே இது கிள்ளிப் போடும் தழையன்று. தட்டை நிரப்பும் உணவு. இலையோடு தேங்காய்ப்பாலும் கோழியும் சேர்வதையும் மறந்துவிடலாகாது.

நம் வீடுகளிலும் இவ்விலையைத் துவையலாகவோ, பருப்போடு கூட்டாகவோ, கடலை மாவில் தோய்த்த பஜ்ஜியாகவோ செய்யலாம். நெடுநேரம் கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். ஆகவே இறக்கும் தறுவாயில் இலையைச் சேர்ப்பது நன்று. தாதுச் சத்து ஆவியாவதில்லை, ஆனால் வெந்த நீரில் இறங்கிவிடும், அந்நீரைக் கொட்டிவிடாதீர்கள். உண்ணும்போது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் இரும்பை உடல் ஏற்பது கூடும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும். ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

இரண்டு செய்திகளை மனத்தில் இருத்துங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி எந்தச் சாறும் வேண்டாம். அக்குழந்தை இருமி, மூச்சு வாங்கினால் இலையைத் தேடாமல் மருத்துவரிடம் விரையுங்கள். கருவுற்ற பெண்கள் நான்காம் மாதம் முதல் 180 நாள் உட்கொள்ள வேண்டிய மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் அதனோடு ஃபோலிக் அமிலமும் உள்ளன. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் அது விலையின்றிக் கிடைக்கிறது. குமட்டுகிறது என்று சொல்லி அதனைப் பரணில் வைத்துவிடாதீர்கள். செவிலியரிடம் சொன்னால் உண்ணும் நேரத்தை மாற்றித் தருவார்.

தொண்டைக்கு இதமாகவும் நாவுக்குச் சுவையாகவும் கற்பூரவல்லி நம் கொல்லையில் இருக்கட்டும். இரத்தம் ஊறும் பொறுப்பு முழுவதையும் அதன் தலையில் சுமத்த வேண்டாம். கீரையும் பருப்பும் மீனும் இறைச்சியும் தட்டில் இடம்பெற, மாத்திரையும் நாள் தவறாமல் வாய்க்குள் செல்லட்டும்.