ஹிஜாப்: 'போடு' என்பதும் 'கழற்று' என்பதும் யார் வேலை?

காலை நேரத்தில் சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால், சிதம்பரம், விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில் என்று போகும் பேருந்துகளில் கல்லூரிப் பெண்கள் ஏறுவதைப் பார்க்கலாம். தலையில் மல்லிகை வைத்தவர், நெற்றியில் விபூதி பூசியவர், கழுத்தில் சிலுவை டாலர் போட்டவர், தலையைச் சுற்றி ஹிஜாப் கட்டியவர் என எல்லோரும் ஒரே படிக்கட்டில்தான் ஏறுகிறார்கள். யாரும் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

பக்கத்திலேயே இருக்கும் லால்பேட்டைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் போய் வந்தவர்களுக்கு முக்காடு ஒன்றும் புதுசு இல்லை. பெயர்தான் மாறுகிறது: முக்காடு, துப்பட்டி, பர்தா, ஹிஜாப். இதில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஹிஜாப் தலையையும் கழுத்தையும் மறைப்பது, முகம் தெரியும். முகத்தையும் மறைப்பது நிகாப். உடல் முழுக்க மூடும் அங்கிதான் புர்கா. நீதிமன்றம் வரை போன உடுப்பி வழக்கு, தலையை மட்டும் மறைக்கும் ஹிஜாப் பற்றியது.

உடுப்பியில் என்ன நடந்தது?

2021 டிசம்பர் கடைசி. கர்நாடக மாநிலம் உடுப்பியில் உள்ள அரசு மகளிர் பி.யூ. கல்லூரியில், ஹிஜாப் அணிந்து வந்த ஆறு மாணவிகள் வகுப்புக்குள் அனுமதிக்கப்படவில்லை. பி.யூ. என்பது நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. மாணவிகள் வகுப்புக்கு வெளியே உட்கார்ந்து போராடினார்கள். பிரச்னை மற்ற ஊர்களுக்கும் பரவியது. பதிலுக்குக் காவித் துண்டு போட்டுக்கொண்டு மாணவர்கள் கிளம்பினார்கள்.

2022 பிப்ரவரி 5 அன்று, கல்லூரி நிர்ணயித்த சீருடையைத்தான் அணிய வேண்டும் என்று கர்நாடக அரசு ஆணை போட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் போனது. மார்ச் 15 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, 'ஹிஜாப் இஸ்லாத்தின் அத்தியாவசிய மதப் பழக்கம் இல்லை. சீருடை விதி நியாயமானதே' என்று தீர்ப்பளித்தது.

'அத்தியாவசிய மதப் பழக்கம்' என்ற இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஷிரூர் மடம் வழக்கிலிருந்து. அந்த மடமும் உடுப்பியைச் சேர்ந்ததுதான். அப்போது உடுப்பி இருந்தது மதராஸ் மாநிலத்தில். மதராஸ் அறநிலையத் துறைக்கு எதிராக ஓர் இந்து மடம் தொடுத்த வழக்கில் பிறந்த அளவுகோல், 68 வருடம் கழித்து அதே ஊர் மாணவிகளின் தலைத்துணியை அளக்கப் பயன்பட்டது.

இரண்டு நீதிபதிகள், இரண்டு தீர்ப்புகள்

மாணவிகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2022 அக்டோபர் 13 அன்று தீர்ப்பு வந்தது. ஆனால், நீதிபதிகள் இருவரும் இரண்டு பக்கம்.

நீதிபதி ஹேமந்த் குப்தா அரசின் ஆணையை ஏற்றார். எல்லோரும் ஒரே மாதிரி உடுத்துவது மாணவர்களிடையே சமத்துவத்தை வளர்க்கும், மத அடையாளத்தை அரசுப் பள்ளிக்குள் கொண்டுவர முடியாது என்பது அவர் வாதம்.

நீதிபதி சுதான்ஷு துலியா எதிர்த்திசையில் போனார். ஹிஜாப் அத்தியாவசியமா இல்லையா என்ற ஆராய்ச்சியே இங்கே தேவையில்லை, இது அந்தப் பெண்ணின் விருப்பம் சம்பந்தப்பட்டது என்றார். கிராமத்திலும் சிறு நகரத்திலும் ஒரு பெண் குழந்தை, வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். ஹிஜாப் போட்டதற்காக அவள் படிப்பை மறுப்பதால் அவள் வாழ்க்கை மேம்படுமா என்று கேட்டார்.

தீர்ப்பு பிரிந்ததால், கூடுதல் நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிப்பதற்காக வழக்கு தலைமை நீதிபதியிடம் போனது. வழக்கு காத்திருக்கலாம். பரீட்சை காத்திருக்காதே!

593 மதிப்பெண்

2023 ஏப்ரலில் கர்நாடகாவின் இரண்டாம் ஆண்டு பி.யூ. தேர்வு முடிவுகள் வந்தன. கலைப் பிரிவில் 600-க்கு 593 எடுத்து மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தவர் ஒரு முஸ்லிம் மாணவி. தடைக்கு முன்பு வரை ஹிஜாப் அணிந்து கல்லூரிக்குப் போனவர். தடை வந்ததும், படிப்பு முக்கியம் என்று முடிவெடுத்து, வகுப்பில் ஹிஜாப் இல்லாமல் உட்கார்ந்து படித்தவர்.

'பார்த்தீர்களா, கழற்றினால் படிக்கலாமே' என்று சிலர் சொன்னார்கள். ஆனால், எல்லாப் பெண்களாலும் அப்படி முடிவெடுக்க முடியவில்லை. கல்லூரி மாறியவர்கள், டி.சி. வாங்கியவர்கள், தேர்வெழுத முடியாமல் போனவர்கள் பற்றி பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு மாணவிகளிடமே பேசி அறிக்கை வெளியிட்டது. முதல் மதிப்பெண் எடுத்தவருக்கும் படிப்பை விட்டவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. தலைத்துணியா, படிப்பா என்ற கேள்வியை இருவருமே தேடிப் போகவில்லை. பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

'ஈரானில் கழற்றுகிறார்களே?'

ஹிஜாப் பற்றிப் பேச்செடுத்தாலே வரும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். உச்ச நீதிமன்றத்தில் இந்த விசாரணை நடந்துகொண்டிருந்த அதே 2022 செப்டம்பரில்தான், ஹிஜாப்பைச் சரியாக அணியவில்லை என்று ஈரானில் பிடிக்கப்பட்ட 22 வயது மாசா அமினி உயிரிழந்தார். பெண்கள் தெருவில் இறங்கி ஹிஜாப்பை எரித்தார்கள்.

ஆனால், ஈரானின் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். 1936-ல் அங்கே ஆட்சியில் இருந்த ரெசா ஷா, முக்காடே போடக் கூடாது என்று உத்தரவிட்டார். போலீஸார் தெருவில் பெண்களின் முக்காட்டை இழுத்துக் கழற்றினார்கள். பல பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதையே நிறுத்தினார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு வந்த அரசு, முக்காடு போட்டே ஆக வேண்டும் என்றது. இரண்டு முறையும் முடிவெடுத்தவர்கள் பெண்கள் அல்ல.

அங்கே கழற்றப் போராடும் பெண்ணும், இங்கே அணியப் போராடும் பெண்ணும் எதிரெதிர் பக்கத்தில் இல்லை. 'என் தலை, என் முடிவு' என்பதைத்தான் இருவரும் சொல்கிறார்கள். அதனால், அரசு கழற்றச் சொல்வது தப்பு என்பவர்கள், வீட்டிலும் ஜமாத்திலும் கட்டாயப்படுத்திப் போடச் சொல்வதையும் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டில் எப்படி?

தமிழ்நாட்டில் கர்நாடகா மாதிரி அரசாணை எதுவும் இல்லை. ஆனால், சம்பவங்கள் உண்டு. 2022 பிப்ரவரி 19, நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். மதுரை மாவட்டம் மேலூரில் ஹிஜாப் அணிந்து ஓட்டுப்போட வந்த பெண்ணுக்கு பா.ஜ.க. பூத் ஏஜென்ட் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். உடனே தி.மு.க., அ.தி.மு.க. ஏஜென்ட்கள் சேர்ந்து அவரைத் தட்டிக்கேட்டார்கள். போலீஸ் அவரை வெளியேற்றியது. வாக்குப்பதிவு தொடர்ந்தது.

2023 மார்ச்சில், வேலூர் கோட்டைக்கு ஆண் நண்பருடன் வந்த பெண்ணை ஒரு கும்பல் மறித்து, ஹிஜாப்பைக் கழற்றச் சொல்லி வீடியோ எடுத்தது. ஏழு பேர் பிடிபட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், நாகப்பட்டினம் மாவட்டம் திருப்பூண்டி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் இருந்த அரசுப் பெண் மருத்துவரிடம், ஏன் ஹிஜாப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருவர் தகராறு செய்தார். அவர்மீது வழக்குப் பதிவானது.

ஓட்டுப்போட வந்தவர், கோட்டையைச் சுற்றிப்பார்க்க வந்தவர், வைத்தியம் பார்க்க வந்தவர். மூன்று பேருமே அவரவர் வேலையாக வந்தவர்கள். மேலூரில் பக்கத்தில் இருந்தவர்கள் வாய் திறந்ததால் விஷயம் அங்கேயே முடிந்தது.

தெரிந்துகொள்ள வேண்டியவை

* நீட் தேர்வுக்கு மத வழக்கப்படியான உடையில் போகலாம். சோதனைக்கு நேரம் தேவை என்பதால் சீக்கிரமே மையத்துக்கு வந்துவிட வேண்டும்.
* வாக்குச்சாவடியில் முகத்தை மூடியிருக்கும் பெண்ணின் அடையாளத்தை, பெண் ஊழியர் தனியாகப் பார்த்து உறுதிசெய்ய ஏற்பாடு உண்டு.
* மும்பைக் கல்லூரி ஒன்று ஹிஜாப், தொப்பி ஆகியவற்றுக்குத் தடை போட்டபோது, 2024 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பொட்டு, திலகத்துக்கும் தடை விதிப்பீர்களா என்றும் கேட்டது. அதே சமயம், வகுப்பறைக்குள் புர்கா அணியலாம் என்று அனுமதிக்கவில்லை.
* பள்ளி, கல்லூரியில் யாராவது தடுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாநில சிறுபான்மையினர் ஆணையத்தில் புகார் செய்யலாம்.
* வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அழைக்க வேண்டிய எண்: 15100. பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இந்தப் பிரச்னை வராமல் இருக்கலாம். அவள் வகுப்புத் தோழிக்கு வந்தால், மேலூர் பூத்தில் இருந்தவர்களைப் போல உடனே வாய் திறந்து கேளுங்கள்.