அடைபட்ட குழாயும் அவசரப்பட்ட கையும்

வீட்டிலே ஒழுங்காக இயங்கும்வரை எவரும் நினைத்துப் பாராத பொருள்களுள் கழிவுநீர்க் குழாயும் ஒன்று. அடைபட்ட அன்றுதான் அதன் அருமை புலப்படும். சென்ற தைப்பொங்கலுக்கு முதல்நாள் மாலை எங்கள் வீட்டில் அது புலப்பட்டது. குசினித் தொட்டியில் அழுக்குநீர் அசையாது நின்றது. மறுநாட் காலை விருந்தினர் வரவிருந்தனர். வெளிற்றுந் தூளைக் கரைத்து ஊற்றினேன்; பயனில்லை. பின்னர் மலசலகூடங் கழுவ வைத்திருந்த அமிலப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினேன். அவ்வேளை உயர்தர வகுப்பில் இரசாயனம் பயிலும் என் மகள் ஓடிவந்து, "அப்பா, ஊற்றாதேயுங்கோ! குளோரீன் வரும்" என்று என் கையைப் பற்றிக்கொண்டாள்.

பல்லாண்டுகளாகப் பிறர் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் நான், என் பிள்ளையிடம் அன்று பாடங் கேட்டேன். வெளிற்றுந் தூளும் அமிலமுஞ் சேர்ந்தால் குளோரீன் வாயு வெளிப்படும். 1915 ஆம் ஆண்டிலே பெல்ஜிய நாட்டின் ஈப்பர் போர்க்களத்தில் படைவீரரின் நுரையீரலைச் சிதைத்தது இவ்வாயுவே. வெளிற்றுந் திரவத்தோடு அமோனியா கலந்தாலும் நச்சுவாயு பிறக்கும். ஆகவே முதலாம் விதி இது: ஒரு மருந்தை ஊற்றிய குழாயில் மற்றொன்றை ஊற்றலாகாது.

இனி, அடைப்பு எங்கே, ஏன் உண்டாகின்றது என்பதைப் பார்ப்போம். தொட்டியின் கீழே குழாய் வளைந்து செல்வதைக் கண்டிருப்பீர்கள். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்று, கானிலுள்ள தீநாற்றம் வீட்டினுள் ஏறாது தடுக்கின்றது. இலண்டனில் வாழ்ந்த அலெக்சாந்தர் கமிங் என்னும் மணிக்கூட்டு வினைஞர் 1775 இல் மலசலகூடத்துக்கென இத்தகைய வளைகுழாய்க்கு உரிமைப் பத்திரம் பெற்றார். நாற்றத்தைத் தடுக்கும் அவ்வளைவே குப்பையையும் தடுத்து வைத்துக்கொள்கின்றது. குசினியில் எண்ணெய்ப் பசையோடு தேங்காய்ப்பூவும், தேயிலைச் சக்கையும், சோற்றுப் பருக்கையும் திரளும். குளியலறையில் தலைமயிர் திரளும். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவதால், மலைநாட்டு வீடுகளில் இத்தொல்லை மிகுதி. யாழ்ப்பாணத்திலோ சுண்ணக்கல் நிலத்தினூடே வரும் வன்னீர் சவர்க்காரத்தோடு கூடி, நீரிற் கரையாத வெண்படிவை உண்டாக்கும். அதுவும் குழாயின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடைப்பை நீக்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில், தேங்கிய நீரை முகந்து அகற்றி, மயிரையுங் குப்பையையும் வளைத்த கம்பியால் இழுத்தெடுங்கள். அடுத்து, சவர்க்காரம் கரைத்த சுடுநீரை ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றுதல் கூடாது; இக்காலத்துப் பீ.வீ.சீ. குழாய்கள் அவ்வெப்பத்தில் இளகி நெளியும். அதற்கும் இணங்காவிடின் இறப்பர்க் கிண்ணம் பூட்டிய தடியை எடுங்கள். கிண்ணம் மூழ்குமளவுக்கு நீர் நிற்கவேண்டும். தொட்டியின் மேல்விளிம்பிலுள்ள சிறு துவாரத்தை ஈரத்துணியால் அடைத்து, பத்துப் பதினைந்து முறை அமுக்கி இழுங்கள். ஈற்றில், ஒரு வாளியைக் கீழே வைத்து வளைகுழாயைக் கழற்றிக் கழுவுங்கள்.

அப்பச்சோடாவும் வினாகிரியும் பொங்குவதைக் கண்டு பலர் மயங்குவர். அவை ஒன்றையொன்று நடுநிலையாக்கிக் காபனீரொட்சைட்டைத் தருகின்றன. திரண்ட கொழுப்பைக் கரைக்கும் வலிமை அந்நுரைக்கு இல்லை.

எரிசோடா கொழுப்பைச் சவர்க்காரமாக்கும் என்பது உண்மையே. ஆயினும் அது நீரிற் கரையும்போது பெருவெப்பம் பிறந்து, கரைசல் முகத்திலே தெறிக்கக்கூடும். அலுமினியத்தை அரித்து, தீப்பற்றும் ஐதரசனையும் வெளிப்படுத்தும். இதனை ஊற்றிய பின் இறப்பர்த் தடியால் அமுக்கவும் கூடாது. குழாயைக் கழற்றவும் கூடாது. கண்ணிற் பட்டால் உடனே ஓடுநீரில் இருபது நிமிடமாயினும் கழுவி, வைத்தியசாலைக்கு விரைக. குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். போன வழியே மீளும்போது அது தொண்டையை மீண்டும் சுடும். இத்தகைய பொருளைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது பெரும் பிழை.

ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓரிடத்தில் மட்டுமன்றி வீட்டின் எல்லாக் குழாய்களிலும் ஒருங்கே நீர் ஏறி நின்றால், பழுது பெருங்குழாயிலோ மலக்குழியிலோ இருக்கும். எக்காரணங் கொண்டும் குழியினுள் எவரையும் இறக்காதீர்கள். அங்கே திரளும் ஐதரசன் சல்பைட்டு மூக்கின் உணர்வையே மழுங்கச் செய்து, சில மூச்சுகளில் ஆளை வீழ்த்தும். விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் உடன் மாண்ட செய்திகள் பலமுறை வந்துள்ளன. குழியை உறிஞ்சும் இயந்திரமுடைய வண்டியை அழைப்பதே முறை. கூலிக்கு வருபவரும் ஒரு வீட்டின் தந்தையே அல்லவா?

அன்று மாலை சாளரங்களைத் திறந்துவிட்டு, கையுறை அணிந்து, வெளிற்று நீரை முகந்து அகற்றினோம். நிறைய நீர் விட்டுக் கழுவிய பின் வளைகுழாயைக் கழற்றினோம். உள்ளே கொழுப்பிற் புதைந்த தேங்காய்ப்பூக் கட்டியும், நெடுநாளாகத் தேடிய தேக்கரண்டியும் இருந்தன. இப்போது தொட்டியின் வாயில் சிறு வலைத்தட்டு ஒன்று இருக்கின்றது. பாத்திரத்து எண்ணெயைத் தாளால் துடைத்த பின்பே கழுவுகின்றோம்.

மாணவச் செல்வங்களே, வகுப்பிற் கற்றது பரீட்சைத் தாளோடு முடிவதன்று. பெரியவரின் கை தவறான போத்தலை நோக்கி நீளும்போது, அஞ்சாது பற்றித் தடுங்கள். அஃது அவமதிப்பாகாது, அதுவே கல்வியின் பயன்.