மூச்சின் கணக்கு
உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோய்க்கெனச் சிட்னி மருத்துவர் கொலின் சலிவன் 1980 இல் முதன்முதல் பயன்படுத்திய காற்றழுத்தக் கருவி, இன்று நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் கணக்கெழுதுகிறது. மணிக்குச் சராசரியாக எத்தனை தடவை மூச்சுத் தடைப்பட்டது என்பதே அதன் தலையாய எண். அது 5க்குக் குறைந்தால் நன்று என்பர். ஆனால், அவ்வொன்றைக் கண்டு மகிழ்வது பேதைமை! முகமூடியை இரண்டு மணி நேரத்தில் கழற்றியவனுக்கும் அது 2 எனக் காட்டலாம்; எஞ்சிய இரவின் திணறலைக் கருவி அறியாது. காற்றுக் கசிவு மிகுந்தாலோ எண்ணே பிழைபடும். அணிந்த நேரம், கசிவு, தடை எண் மூன்றையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

ஒரு மூலையைப் பார்த்து வயலின் விளைச்சலை மதிப்பிடாத திரியாய் உழவனுக்கு இக்கணக்கு விளங்காதா? விளங்கும், தமிழில் சொன்னால்! அதைச் சொல்வது மருத்துவமனையின் கடமை. கேட்டுப் பெறுவது நம் உரிமை.